இராமநவமிக் கொட்டகையும் ‘தரம்’ என்னும் வழக்கும்

‘இந்த வருஷம் லிஸ்டில் சரக்கே இல்லை, நயினாரே!’

1979-இல் வந்தவாசிப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வந்து, சிக்கப்பேட்டையில் என் பெரியப்பாவின் பாத்திரக் கடையில் கணக்கெழுத உட்கார்ந்தேன். அன்று முதல் இந்த வாக்கியத்தைக் கேளாத பங்குனி மாதம் எனக்கு நினைவில் இல்லை. சாமராஜப்பேட்டையில் கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் ஸ்ரீராமசேவா மண்டலியார் நடத்தும் இராமநவமி இசை விழாவின் அழைப்பிதழ் கடைத்தெருவுக்கு வந்து சேரும். நாலு பேர் கல்லாப் பெட்டியைச் சுற்றிக் கூடுவார்கள். ஒருவர் பெயர்களை விரலால் தொட்டுத் தொட்டு வாசிப்பார். கடைசிப் பெயர் வருவதற்குள் இன்னொருவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

சொன்னவர்கள் மாறினார்கள், பலர் காலமாகிவிட்டார்கள். சொல் மட்டும் மாறவில்லை. நான் வந்த புதிதில் இதைச் சொன்ன பெரியவர்கள் ஜி.என்.பி.க்கும் மதுரை மணி ஐயருக்கும் செம்பைக்கும் ஏங்கினார்கள். இருபது வருஷம் கழித்துச் சொன்னவர்கள் எம்.எல். வசந்தகுமாரிக்கும் மகாராஜபுரம் சந்தானத்துக்கும் ஏங்கினார்கள். இப்போது சொல்கிறவர்கள் மாண்டலின் ஸ்ரீநிவாசை நினைத்துப் பெருமூச்சு விடுகிறார்கள். ஆக, 1980-களின் ‘சரக்கில்லாத’ பட்டியல்தான் இன்றைக்குப் பொற்காலம்! வியாபாரியிடம் வந்து ‘தரம் குறைந்துவிட்டது’ என்று ஒருவர் சொன்னால் அவன் முதலில் கேட்பது, ‘எதைக் கொண்டு நிறுத்தீர்கள்?’ என்றுதான். அந்தக் கேள்வியைத்தான் இந்த விழாவின் சரித்திரத்தை வைத்துக் கேட்டுப் பார்க்கிறேன். நான் சங்கீதம் பயின்றவன் அல்லன். கேட்டவன், கொஞ்சம் படித்தவன், அவ்வளவே.

முதலில் விழாவின் பிறப்பைப் பார்ப்போம். இதை 1939-இல் தொடங்கியவர் எஸ்.வி. நாராயணசுவாமி ராவ். அப்போது அவர் பள்ளிப் பருவத்துச் சிறுவர். பிள்ளையார் சதுர்த்திக்குப் பிள்ளைகள் தெருவில் பந்தல் போடுவது போல, சாமராஜப்பேட்டையில் சிறிய அளவில் ஆரம்பித்த காரியம் இது. அது வளர்ந்து, நாடெங்கும் பெயர் தெரிந்த பெருவிழாவாகி, இராமநவமியை ஒட்டி ஏறக்குறைய ஒரு மாதம் நடக்கிற வழக்கம் நிலைத்தது. பல பத்தாண்டுகள் அவரே முன்னின்று நடத்தினார். எம்.எஸ். சுப்புலட்சுமி, செம்மங்குடி, பாலமுரளி கிருஷ்ணா போன்றோர் பாடிய மேடை அது. இந்துஸ்தானி வித்துவான்களும் வந்து பாடியிருக்கிறார்கள்.

1939 என்ற ஆண்டைக் கவனிக்க வேண்டும். மைசூர் மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலமானது 1940 ஆகஸ்டில். அதாவது, அரண்மனை ஆதரவின் மிகச் சிறந்த காலம் முடிகிற தறுவாயில் இந்தத் தெருப்பந்தல் முளைத்தது. அதுவரை மைசூர்ச் சீமையில் யாருக்கு எந்தத் தரம் என்று தீர்மானித்தது அரண்மனை. வீணை சேஷண்ணாவும் மைசூர் வாசுதேவாசாரியரும் ஆஸ்தான வித்துவான்கள். நம் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் அங்கே ஆஸ்தான வித்துவானாகி, மன்னரின் விருப்பப்படி சாமுண்டேசுவரி மீது 108 கீர்த்தனைகளைக் கன்னடத்தில் செய்தார். தமிழர் ஒருவர் கன்னடத்தில் செய்த அந்தப் பணியை நம் வீட்டுப் பிள்ளைகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அரசர் ஒருவர் ‘சபாஷ்’ சொன்னால் போதும். சன்மானம் உண்டு, சால்வை உண்டு, தோடா உண்டு. ‘லிஸ்ட் சரியில்லை’ என்று சொல்ல அங்கே யாருக்கு வாய் இருந்தது? இந்தப் புலம்பல் பிறப்பதற்கே டிக்கெட் வாங்கிய ரசிகன் வேண்டும். கொட்டகைதான் அந்த ரசிகனைப் பெற்றது. ஆகவே இந்தச் சச்சரவைக் குறையாக நான் எண்ணுவதில்லை. காசு கொடுத்தவன் கேட்கிறான், கேட்கட்டும்.

அரண்மனைக்கும் கொட்டகைக்கும் நடுவில் சபை என்று ஒன்று வந்தது. பெங்களூர் காயன சமாஜம் 1905-இல் ஏற்பட்டது. சென்னையில் 1927-இல் காங்கிரஸ் மாநாட்டோடு நடந்த சங்கீத மாநாட்டின் பயனாக 1928-இல் மியூசிக் அகாடமி தொடங்கப்பட்டது. சபைக்கு நாலு சுவர், உறுப்பினர் சந்தா, நிர்வாகக் குழு எல்லாம் உண்டு. கொட்டகைக்குச் சுவரே இல்லை. டிக்கெட் வாங்காதவனும் சாலையோரம் நின்று கேட்கலாம். நானே என் முதல் இரண்டு மூன்று கோடைகளில் கடையைச் சாத்திவிட்டுப் போய் வெளியே நின்றுதான் கேட்டேன். பக்கத்தில் ஆட்டோக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டுத் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பார். சித்திரை மழை வந்தால் இராகமும் போச்சு, தாளமும் போச்சு. கொட்டகைக்கு மேலே விழுகிற சத்தம்தான் தனி ஆவர்த்தனம். பானகமும் கோசம்பரியும் கொடுப்பார்கள். ஏலக்காய் தூக்கலாக இருக்கும்.

இனிப் புலம்பலின் சரித்திரத்துக்கு வருவோம். இன்று நாம் ‘பழைய சம்பிரதாயக் கச்சேரி’ என்று சொல்கிறோமே, வர்ணத்தில் தொடங்கி, கீர்த்தனைகள் பல பாடி, நடுவில் ஒரு பெரிய உருப்படி, பிறகு துக்கடா என்று போகிற முறை, அது அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைப்படுத்திய முறை. அதற்கு முன்னே ஓரிரு இராகங்களை மணிக்கணக்கில் விரித்து, பல்லவியிலேயே பொழுதைப் போக்குவது பெரிய வித்துவான்களின் வழக்கம். அந்தப் பழக்கத்தில் ஊறியவர்களுக்கு அரியக்குடி முறையே சுருக்கம், அவசரம் என்று பட்டிருக்கும். ஒலிபெருக்கி வந்தபோதும் அப்படித்தான். அது வராத காலத்தில் கடைசி வரிசைக்குக் கேட்கும் சாரீரம் இருந்தால்தான் வித்துவான். மைக் வந்த பிறகு மெல்லிய குரலும் மேடை ஏறியது. மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் பிற்காலத்தில் மைக் இல்லாமல்தான் வாசிப்பேன் என்று பிடிவாதமாக இருந்தது ஊரறிந்த செய்தி.

ஜி.என்.பி. மின்னல் வேகப் பிருகாக்களோடு வந்தார். சினிமாவில் வேறு நடித்தார். 1940-இல் வெளிவந்த ‘சகுந்தலை’யில் துஷ்யந்தன் அவர்தான். அன்றைய மூத்த ரசிகர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஜி.என்.பி. இல்லாத பட்டியலைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். மாண்டலினையும் சாக்ஸபோனையும் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஸ்ரீநிவாஸ் சிறுவனாக மேடையேறியபோதும், மங்களூர்ப் பக்கத்துக் கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனில் தோடி வாசித்தபோதும், ‘இதெல்லாம் ஒரு வாத்தியமா?’ என்று எங்கள் கடைத்தெருவிலேயே சண்டை நடந்தது. சண்டை போட்டவர்கள் யாரும் வயலினைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவும் வெள்ளைக்காரன் வாத்தியம்தானே? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கற்று நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்து ஏறக்குறைய இருநூறு ஆண்டுதான் ஆகிறது. பிறகு மைசூர்ச் சௌடையா அதில் ஏழு தந்தி பூட்டினார். இன்று அவர் பெயரால் 1980-இல் திறக்கப்பட்ட மண்டபமே வயலின் வடிவத்தில் நிற்கிறது!

இது ஏதோ இக்காலத்து வியாதி என்றும் நினைக்க வேண்டாம். சிலப்பதிகாரத்துக்கு உரை செய்த அடியார்க்கு நல்லார் 12-ஆம் நூற்றாண்டை ஒட்டியவர். அவர் உரைப்பாயிரத்தில் இசைத்தமிழ் நூல்களாகிய பெருநாரை, பெருங்குருகு முதலியன இறந்துபோயின என்றும், நாடகத்தமிழ் நூல்களும் அவ்வாறே இறந்தன என்றும் வருந்துகிறார். எஞ்சியவற்றை வைத்துக்கொண்டுதான் தாம் உரை எழுதுவதாகச் சொல்கிறார். எண்ணூறு வருஷத்துக்கு முந்திய ‘லிஸ்டில் சரக்கில்லை’ அது. ஆனால் அவருடைய வருத்தத்துக்கும் நம் கடைத்தெரு வருத்தத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவர் எது போயிற்று என்று பெயர் சொல்லிக் கணக்குக் கொடுக்கிறார். நாம் மொத்தமாகக் கையை விரித்துவிடுகிறோம்.

‘தரம்’ என்ற சொல்லிடம் தமிழர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டியதற்கு வேறொரு காரணம் உண்டு. 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இராஜா சர் அண்ணாமலை செட்டியார் முயற்சியால் தமிழிசை மாநாடு கூடியது. கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுகளுக்கு உரிய இடம் வேண்டும் என்று அங்கே தீர்மானம் ஆயிற்று. அதற்கு எதிரொலியாக அதே ஆண்டு மியூசிக் அகாடமியில் ஒரு தீர்மானம் வந்தது. சங்கீதத்தின் உயர்ந்த தரத்தைக் காப்பதே நோக்கமாக இருக்க வேண்டும், அந்தத் தரம் குறையும்படி மொழியைப் பற்றிய எண்ணம் உள்ளே வரலாகாது என்பது அதன் சாரம். கல்கி தமிழிசையின் பக்கம் நின்று எழுதினார். 1943-இல் தமிழ் இசைச் சங்கம் ஏற்பட்டது. 1952-இல் அதற்கு அண்ணாமலை மன்றம் கிடைத்தது. அகாடமியார் தீய எண்ணத்தோடு அப்படிச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்குச் சங்கீதத்தின் மீது உண்மையான பக்தி இருந்தது. ஆனால் ‘தரம்’ என்ற தராசில் ஒரு தட்டில் தெலுங்கும் வடமொழியும் முன்கூட்டியே ஏறி உட்கார்ந்திருந்தன என்பதை மறைக்க முடியுமா?

நியாயமாகப் பேசினால், இங்கே பெங்களூரில் கன்னடியர்களுக்கும் இதே மனக்குறை உண்டு. தாசர் பதங்கள் பெரும்பாலும் தனி ஆவர்த்தனத்துக்குப் பிறகு, ஜனங்கள் செருப்பைத் தேடுகிற நேரத்தில்தான் வருகின்றன. கர்நாடக சங்கீத பிதாமகர் என்று நாம் கும்பிடுகிற புரந்தரதாசருக்கே அந்த நிலை! கொட்டகையில் எனக்குப் பழக்கமான கன்னட நண்பர் ஒருவர், ‘உங்க கோபாலகிருஷ்ண பாரதியும் எங்க தாசரும் கடைசி பஸ்ஸுக்குத்தான் வர்றாங்க’ என்று அவருக்குத் தெரிந்த தமிழில் சொல்வார். இராமநவமி மேடையில் சீர்காழி அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனைகளுக்கு முதலிடமே கொடுக்கலாம். இராமனைத் தமிழில் நாடகமாகவே பாடிவைத்தவர் அவர். கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்துவிட்டது.

பெண்களுக்கும் இதே தராசுதான். பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் பொருளைச் செலவிட்டுத் திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பி, 1925-இல் குடமுழுக்குச் செய்வித்தார். ஆனால் அங்கே ஆராதனை நடத்திய கட்சிகள் பெண்களைப் பாட விடவில்லை. அம்மையார் தனியே பெண்கள் கட்சி அமைத்துப் பாடினார். 1940-களின் தொடக்கத்தில்தான் எல்லாம் ஒன்றாயின. பெரிய மிருதங்க வித்துவான்கள் சிலர் பெண் பாடகிகளுக்கு வாசிக்க மறுத்த காலமும் உண்டு. அதையும் தரத்தின் பெயரால்தான் நியாயப்படுத்தினார்கள். டி.கே. பட்டம்மாள் பல்லவி பாடி வாயடைத்தார். இன்று பட்டியலில் பாடகிகள், வயலின் வாசிக்கும் பெண்கள், சில சமயம் மிருதங்கமும் கடமும் வாசிக்கும் பெண்கள் என்று பார்க்கிறேன். இது குறைவா, நிறைவா? என் கணக்கில் இது வரவு.

அப்படியானால் ஒன்றும் குறையவில்லையா? குறைந்திருக்கிறது. ஆனால் கடைத்தெருவில் விரல் வைக்கிற இடம் வேறு, குறைந்த இடம் வேறு.

குறைந்தது நேரம். நான் வந்த காலத்தில் மாலையில் உட்கார்ந்தால் நள்ளிரவை நெருங்கி எழுந்த கச்சேரிகள் உண்டு. பாடகருக்குக் குரல் சூடேறவே ஒரு மணி நேரம் ஆகும். அதை யாரும் குற்றமாகச் சொல்லமாட்டார்கள். 2000-ஆம் ஆண்டு மத்திய அரசு ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு நள்ளிரவு வரை மாநில அரசு விலக்குத் தரலாம். அதுவும் வருஷத்தில் மொத்தம் 15 நாளுக்கு மேல் போகக் கூடாது. 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. ஒரு மாதம் நடக்கிற விழாவுக்கு 15 நாள் விலக்கு எந்த மூலைக்கு? அதுவும் ஊரில் மற்ற விழாக்களும் அதே 15 நாளில் பங்கு கேட்கும்போது? தூங்குகிற குழந்தைக்கும் நோயாளிக்கும் இந்தச் சட்டம் தேவைதான். அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அது கச்சேரியின் உடம்பை மாற்றிவிட்டது. இரண்டரை மணி நேரத்தில் முடிக்க வேண்டுமென்றால் பாடகர் எதில் கை வைப்பார்? இராகம் தானம் பல்லவியில். பிறகு தனி ஆவர்த்தனத்தில். புனாவில் பீம்சேன் ஜோஷி தம் குரு நினைவாக 1953-இல் தொடங்கிய சவாய் கந்தர்வ விழாவுக்கும் இதே கதிதான். விடிய விடிய நடந்த விழா அது. அந்த இரவுகள் போனதும் பின்னிரவு இராகங்களை அவற்றுக்குரிய பொழுதில் பாட வழி இல்லாமல் போயிற்று. இதற்கு எந்த வித்துவான் என்ன செய்வார்?

இரண்டாவது, காலண்டர். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்துக் கிளீவ்லாந்தில் 1978 முதல் தியாகராஜ ஆராதனை நடக்கிறது. ஈஸ்டர் விடுமுறையை ஒட்டி, பெரும்பாலும் மார்ச்சு–ஏப்ரலில் வரும். இராமநவமியும் அப்போதுதான். அங்கே போகிற முன்னணி வித்துவான்கள் திரும்பி வருவதற்குள் வேறு பல அமெரிக்க ஊர்களிலும் பாடிவிட்டு வருவது இயல்பு. விமானச் செலவு ஒன்று, கச்சேரி பத்து. வியாபாரியாக இதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. நானும் ஒரே லாரியில் மூன்று ஊர்ச் சரக்கை ஏற்றுகிறவன்தான். ஆனால் நம் சித்திரை மாதத்துப் பட்டியலில் ஒரு பெயர் இல்லையென்றால், ‘விழாக்காரர்கள் கூப்பிடவில்லை’ என்று சொல்வதற்கு முன் அவர் எந்தக் கண்டத்தில் இருக்கிறார் என்று விசாரிப்பது நல்லது. நம் பிள்ளைகளே அங்கே முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கலாம்!

அடுத்தது போட்டி. ஒரு காலத்தில் பெங்களூர் ரசிகன் பெரிய வித்துவானைக் கேட்க வேண்டுமென்றால் கோடை வரை காத்திருக்க வேண்டும். ரேடியோ உண்டு, ஆனால் நேரில் கேட்பதாகுமா? இன்று மல்லேசுவரம், ஜயநகரம், ராஜாஜிநகரம் என்று பேட்டைக்குப் பேட்டை சபையும் இராமநவமிக் கச்சேரியும் உண்டு. அதே வித்துவான் ஆண்டில் நாலைந்து முறை ஊருக்கு வருகிறார். கைபேசியில் வேண்டும்போது பாடுகிறார். 2020-இல் பெருந்தொற்று ஊரடங்கின் நடுவே இராமநவமி வந்தபோது கொட்டகைக்குப் போக வழியில்லை. கைபேசியும் பழைய ஒலிநாடாக்களும்தான் கதி. அந்தக் கோடையில் எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு இரண்டு கச்சேரி ஓடியது. ஒன்றையும் முழுதாகக் கேட்டதாக நினைவில்லை. அரிதாகக் கிடைத்தபோது இருந்த ருசி, தாராளமாகக் கிடைக்கும்போது இருக்காது. கோடையில் மாம்பழமும் அப்படித்தான்.

கடைசியாகப் பணம். என்னிடம் பழைய அழைப்பிதழ்களும் பல சபைகளின் மலர்களும் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. மலரில் கட்டுரையை எல்லாரும் படிப்பார்கள். நான் விளம்பரத்தைப் படிப்பேன். பழைய மலர்களில் கால் பக்கம், அரைப் பக்கமாகப் பட்டுக் கடை, காப்பித்தூள் கடை, ஊதுவத்தி, பாத்திரக் கடை, அச்சகம் என்று ஐம்பது பேர் இருப்பார்கள். பிற்காலத்து மலர்களில் வீட்டுமனைக்காரர்களும் வங்கிகளும் பெரிய கம்பெனிகளும் முழுப் பக்கமாக இருக்கிறார்கள். தலைகள் குறைவு, தொகை பெரிது. ஐம்பது கடைக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தபோது எவனும் ‘இன்னாரைப் பாட வை’ என்று கேட்டதில்லை. கேட்கிற அளவுக்கு யாரும் கொடுக்கவில்லை. ஒருவரே ஒரு மாலை முழுதையும் ஏற்கும்போது, எல்லாருக்கும் தெரிந்த பெயர் மேடையில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது மனித சுபாவம். எங்கே போனாலும் அதே இருபது பெயர் என்று ரசிகர்கள் சலித்துக்கொள்வதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

வணிகன் பணம் கொடுத்தால் கலை கெடும் என்றும் சொல்லிவிட முடியாது. சீவக சிந்தாமணியைப் பாருங்கள். காந்தருவதத்தையை யாழில் வெல்கிறவனே அவளை மணக்கலாம் என்ற போட்டியை நடத்துகிறவன் சீதத்தன் என்னும் வணிகன். இராசமாபுரத்தில் மண்டபம் அமைத்து, ஊரறியப் பறையறைவித்துப் போட்டிக்கு அழைக்கிறான். இன்றைய பாஷையில் அவன்தான் ஸ்பான்சர். ஆனால் யார் வென்றார் என்ற தீர்ப்பில் அவன் தலையிடவில்லை. அரசர்கள் பாடித் தோற்றார்கள். வணிகர் வீட்டில் வளர்ந்த சீவகன் வந்தான். கொடுத்த யாழ்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, இது நீரில் நின்று இளகிய மரம், இது இடி விழுந்த மரம், இந்த நரம்பில் மயிர் இருக்கிறது என்று குற்றம் சொல்லித் தள்ளினான். ‘யாழ் நன்றாக இல்லை’ என்று பொதுவாகச் சொல்லவில்லை. எங்கே, என்ன குற்றம் என்று காட்டினான். உ.வே.சா. 1887-இல் சிந்தாமணியைப் பதிப்பிக்கும் முன் கும்பகோணத்து எங்கள் சமயத்தாரிடம் போய்ப் பாடங் கேட்ட வரலாறு அன்பர்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த வீடுகளில் இந்தப் பகுதியைப் பெரியவர்கள் பிரியமாகச் சொல்வதுண்டு.

சீவகனைப் போல் குற்றத்தை இடம் சுட்டிச் சொல்ல ஆரம்பித்தால் நம் வழக்கு எப்படி இருக்கும்? குரல் வளத்திலோ ஞானத்திலோ இன்றைய இளைஞர்கள் குறைந்தவர்கள் என்று என் காது சொல்லவில்லை. சுருதி சுத்தத்தில் பலர் மூத்தவர்களை விஞ்சுகிறார்கள். செம்மங்குடியின் குரல் எவ்வளவு கரடுமுரடு என்பது அவரைக் கேட்டவர்களுக்குத் தெரியும். அவரே தம் குரலைக் கேலி செய்துகொள்வார் என்பார்கள். அவரிடம் இருந்தது நிதானம். ஒரு கரகரப்பிரியாவை எடுத்தால் ஊரெல்லாம் சுற்றிக் காட்டி விட்டுத்தான் வீட்டுக்கு அழைத்து வருவார். இன்றைய பாடகர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அந்தச் சுற்றுப் போக வேண்டியிருக்கிறது. கூட்டம் கைதட்டுகிற இடத்தில் நின்று இன்னொரு தரம் கைதட்டு வாங்கிக்கொண்டு போகிற பழக்கமும் வந்திருக்கிறது. இது பாடகரின் குற்றம் மட்டுமல்ல. நடுவில் கைபேசியைப் பார்க்கிறவன் மெதுவான விளம்ப காலத்தை எப்படித் தாங்குவான்?

இன்னொன்று பக்கவாத்தியம். பட்டியலில் பாடுகிறவர் பெயரை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறோம். இளங்கோவடிகள் அரங்கேற்று காதையில் மாதவியின் ஆட்டத்தைச் சொல்வதற்கு முன் ஆடலாசான், இசையாசான், பாட்டெழுதும் புலவன், தண்ணுமைக்காரன், குழலோன், யாழாசிரியன் ஒவ்வொருவருக்கும் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று வரிசையாக வகுக்கிறார். அரங்கின் நீள அகலத்துக்கும் கணக்குச் சொல்கிறார். அவர் கண்ணில் கச்சேரி என்பது ஒரு ஆள் அல்ல. பழைய இராமநவமி அழைப்பிதழில் லால்குடி, டி.என். கிருஷ்ணன், எம்.எஸ். கோபாலகிருஷ்ணன் போன்ற ஒரு பெயர் வயலினுக்கு இருந்தால், பாடுகிறவர் யாரானாலும் என் பெரியப்பா கடையை அரை மணி முன்னதாகச் சாத்திவிடுவார். இன்று அப்படிப் பக்கவாத்தியம் பார்த்துக் கிளம்புகிறவர்கள் எத்தனை பேர்?

தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் கொட்டகை வெறும் சங்கீத விவகாரம் அல்ல. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் நடந்தபோது எங்கள் தெருவில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளைக் கழற்றி உள்ளே வைத்தோம். பிள்ளைகளிடம் ‘பஸ்ஸில் சத்தமாகத் தமிழ் பேசாதே’ என்று சொல்லி அனுப்பினோம். அடுத்த கோடையில் இராமநவமிக் கச்சேரிக்குப் போகலாமா, வேண்டாமா என்று வீட்டில் இரண்டு நாள் பேச்சு நடந்தது. போனோம். பக்கத்து நாற்காலியில் ஒரு கன்னடக் குடும்பம். தோடி நடந்துகொண்டிருந்தபோது அந்த அம்மாள் என் மனைவியிடம் கோசம்பரிப் பொட்டலத்தை நீட்டி, ‘தகோளி’ என்றார். வேறெதுவும் பேசவில்லை. மேடையில் பாடியவர் தமிழர், பாட்டு தெலுங்கு, வயலின் கன்னடியர், கேட்டது இரு சாராரும். அந்த வருஷப் பட்டியலிலும் ‘சரக்கில்லை’ என்று கடைத்தெருவில் சொன்னார்கள்.

ஆகவே என் கட்சி இதுதான். அழைப்பிதழ் வந்ததும் கொட்டை எழுத்துப் பெயர்களை விட்டுவிட்டு, சின்ன எழுத்தில் இருக்கிற மாலை முதல் கச்சேரிக்காரர்களைப் பாருங்கள். பெரும்பாலும் உள்ளூர்ப் பிள்ளைகள். அவர்களுக்குக் கூட்டம் இருக்காது. கைதட்டை எதிர்பார்த்து நிற்கவும் மாட்டார்கள். சென்ற சில கோடைகளில் என் காதுக்கு நிறைவான காம்போதி அந்த நேரத்தில்தான் கிடைத்தது. முப்பது பேர் இருந்திருப்போம்; அதில் பாதிப் பேர் உறவினர்கள். விழாக்காரர்களிடம் கேட்க வேண்டியதும் ‘இன்னும் பெரிய பெயர் கொண்டு வா’ என்பதல்ல. மாதத்தில் நாலு நாளாவது ஒரே கச்சேரிக்கு மாலை முழுதையும் கொடுங்கள், பல்லவி பாட நேரம் கொடுங்கள், இராம நாடகத்துக்கும் தாசர் பதத்துக்கும் தனி ஆவர்த்தனத்துக்கு முன்னால் இடம் கொடுங்கள் என்று கேட்கலாம். நாலு நாள் என்பதால் அரசாங்கத்தின் 15 நாள் விலக்குக்கும் விண்ணப்பித்துப் பார்க்கலாம்.

ஒரு வேண்டுகோள். என் டிரங்குப் பெட்டியில் இருப்பவை பெரும்பாலும் 1979-க்குப் பிந்தியவை. 1940-களிலும் 50-களிலும் பெங்களூரில் நடந்த கச்சேரிகளின் அழைப்பிதழ், டிக்கெட் அடிக்கட்டை, நோட்டீசு, உருப்படி குறித்துவைத்த டைரி எதுவானாலும் உங்கள் தாத்தா பாட்டியின் அலமாரியில் இருக்கக்கூடும். அல்சூர் பக்கம், தண்டுப் பகுதி, ஸ்ரீராமபுரம் ஆகிய இடங்களில் பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டுகிறவர்கள், பரணைக் காலி செய்யும்போது பழைய பேப்பர்க்காரரைக் கூப்பிடுவதற்கு முன் அவற்றைத் தமிழ்ச் சங்க நூலகத்தில் சேர்த்துவிடுங்கள். பின்பக்கத்தில் மளிகைக் கணக்கு எழுதியிருந்தாலும் பரவாயில்லை. அதையும் நான் படிப்பேன்.